ரெண்டு நாள் மகாம்

அவர் கேட்டது ரெண்டு நாள்தான். "தங்கச்சி, பின்னால இருக்கிற கொட்டகையில ரெண்டு நாள் மகாம் போட்டுக்கவா?" என்றார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் ஆளைப் பார்த்தார், மழையைப் பார்த்தார், சரி என்று சொல்லிவிட்டார். ஜப்பான்காரன் மலாக்காவுக்குள் வந்து அப்போது சில மாதங்கள் ஆகியிருக்கும். அந்த ரெண்டு நாள், ஜப்பான்காரன் தோற்றுப் போகிற வரைக்கும் முடியவில்லை.

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். மீன்காரன் தராசைத் தூக்கினால் நான் மீனைப் பார்க்க மாட்டேன், அவன் சுண்டுவிரலைப் பார்ப்பேன். அப்படிப்பட்டவளின் வீட்டில் பேர் தெரியாத ஒரு ஆள் வந்து தங்கினால் தூக்கம் வருமா? பேரைக் கேட்டால், "பாய்னே கூப்பிடுங்களேன்" என்பார். ஊரைக் கேட்டால், எங்களிடம் வருவதற்கு முந்தின நாள் தங்கியிருந்த ஊரைச் சொல்வார். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்டதற்குப் பதிலும் இல்லை.

ஒல்லியான உடம்பு, கட்டம்போட்ட கைலி, இடுப்பில் அகலமான பச்சை வார், தலையில் வெளுத்துப்போன சொங்கோக் தொப்பி. நாற்பதும் சொல்லலாம், ஐம்பத்தைந்தும் சொல்லலாம். தோளில் ஒரு துணி மூட்டை. ஊசி, நூல்கண்டு, கண்ணுக்குச் சுர்மா, அத்தர் புட்டி, பழைய சேலைகளில் கிழிசல் போக வெட்டியெடுத்த துண்டுகள், இவைதான் வியாபாரம். கட்டிக்கொள்ளத் துணியில்லாமல் சனங்கள் சாக்கைச் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் அந்தத் துண்டுகளுக்கே அடிதடி நடக்கும். மூட்டையின் மேல்பாதியைத்தான் யாருக்கும் காட்டுவார். அடியில் என்ன இருந்தது என்று எனக்கு இன்று வரை தெரியாது.

காலையில் எழுந்ததும் பாய், தலையணை, தட்டு, குவளை எல்லாவற்றையும் அந்த மூட்டையோடு சேர்த்துக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டுதான் கிளம்புவார். இனித் திரும்ப மாட்டார் என்றுதான் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். சாயங்காலம் வந்து மறுபடி அவிழ்ப்பார். சட்டை மாட்ட ஓர் ஆணி அடித்துக்கொள்ளுங்கள் என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் சுத்தியலைக் கொண்டுபோய்க் கொடுத்தார். "ஆணி அடிச்சா வீடாயிரும் தம்பி" என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டார். ஊரெல்லாம் கிடைத்த மண்ணில் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தபோது, கொட்டகை ஓரத்தில் நாலு குச்சி ஊன்றி வையுங்களேன் என்று நானும் சொன்னேன். "நட்டா, தோண்டுற வரைக்கும் நிக்கணுமே தங்கச்சி" என்றார். நான் தோண்டிய கிழங்கைத் தின்பதில் மட்டும் ஒரு குறையும் வைத்ததில்லை.

வீடு என்ற சொல்லைத் தான் தங்கிய எந்த இடத்துக்கும் அவர் சொல்லிக் கேட்டதில்லை. எல்லாம் மகாம்தான். நாம் முகாம் என்கிறோமே, அதைத்தான் அப்படிச் சொல்வார். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். வெள்ளைக்கார டாக்டர் வந்து அம்மை குத்தினால் அது முகாம், நிலம் அளக்க வந்தவர்கள் கூடாரம் அடித்தால் அது முகாம். எனவே ஒருநாள் திருத்தினேன்.

"முகாம்னு சொல்லுங்க பாய். மகாம்னா கேக்கவே ஒரு மாதிரியா இருக்கு."

"ஓதுற பள்ளியில மகாம்னுதான் நான் படிச்சேன். நம்ம ஆளுங்க வாயில முகாமாயிருச்சு. சொல்லு கூட நடந்து நடந்து தேயும் தங்கச்சி, செருப்பு மாதிரி."

இப்படிப் பேசினால் யாருக்கும் பிடிக்கும். எனக்கும் பிடித்தது. அதனாலேயே இன்னும் பயமாக இருந்தது.

காரணம் இருந்தது. நாங்கள் இருந்த காஜா பேராங்கில் அப்போது வீட்டுக்கு வீடு ஆண்பிள்ளைகளை ஒளித்து வைத்திருந்தார்கள். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தான் ஜப்பான்காரன். போனவன் திரும்பியதாகச் சேதி இல்லை. அந்த நேரத்தில் இவர் வாசல் வாசலாகப் போய்த் துணித்துண்டை விரித்துவிட்டு, "உங்க மவன் இப்ப எந்த மகாமில இருக்காரு?" என்று கேட்பார். கேட்ட பெண்பிள்ளைகள் துண்டை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்விடுவார்கள். ஊசி விற்கிறவருக்கு அந்தக் கணக்கு எதற்கு?

இன்னொன்றும் நான் என் கண்ணால் பார்த்தேன். ஆற்றுப் பாலத்தில் ஜப்பான் சிப்பாய் ஒருவன் காவல் நிற்பான். யார் போனாலும் குனிந்து வணங்க வேண்டும். குனிந்தது போதவில்லை என்று என் வீட்டுக்காரர் கன்னத்தில் அறை வாங்கியிருக்கிறார். அதே சிப்பாய் பாயைக் கண்டதும் சிரித்தான். ஏதோ பேசினார்கள். ஒரு சிகரெட்டை எடுத்து அவர் காதில் செருகி அனுப்பினான். சாயங்காலம் கேட்டேவிட்டேன்.

"சின்னப் பையன் தங்கச்சி. ஊர் ஞாபகத்துல நிக்கிறான். உங்க பாஷையில கூடாரம் அடிக்கிற இடத்துக்கு என்ன சொல்லுவீங்கன்னு கேட்டேன். சந்தோஷமாச் சொல்லிக்கொடுத்தான்."

"என்ன சொல்லுவாங்களாம்?"

"அதுக்குள்ள மறந்துட்டேன் பாருங்க."

ஒரு சொல்லைக் கேட்டால் ஏழு வருஷம் கழித்தும் சொல்கிற ஆள் அவர். அந்தச் சொல்லை மட்டும் பாலத்திலிருந்து வீடு வருவதற்குள் மறந்தாராம். அன்றிலிருந்து கொட்டகைப் பக்கம் ஒரு காதை வைத்துக்கொண்டேதான் சமைத்தேன்.

பக்கத்து வீட்டு பிபிக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் மலாக்காச் செட்டி வம்சத்துப் பெண்மணி. நெற்றி நிறையத் திருநீறு, உடம்பில் மலாய்க்காரிகள் போலக் கெபாயாச் சட்டையும் சாரோங்கும். கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய். தமிழில் அவருக்குத் தெரிந்தது சாமி பேர்களும் ரெண்டு மூன்று பலகாரப் பேர்களும்தான். பிபிக் என்றால் அத்தை மாதிரி, எல்லாரும் போல நானும் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். எங்கள் வீடே அவர் குடும்பத்துடையது, நாங்கள் வாடகைக்கு இருந்தோம்.

ஒருநாள் பிபிக் வாழையிலையில் மரவள்ளிப் பலகாரம் கட்டி எடுத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தபடி கொட்டகைக்குப் போவதைப் பார்த்தேன். வேலியோரம் நிறுத்தி என்னவென்று கேட்டேன். "காசியான்," என்றார், பாவம் என்று அர்த்தம். அந்த மனிதருடைய பெண்டாட்டி பிள்ளை எல்லாரும் மகாமில் இருக்கிறார்களாம். அவரே சொன்னாராம். சொல்லும்போது சிரித்தாராம். எவ்வளவு துக்கம் இருந்தால் ஒரு மனிதர் அப்படிச் சிரிப்பார் என்று பிபிக்குக்கு மறுபடி அழுகை வந்துவிட்டது.

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது. மலாயில் மகாம் என்றால் கல்லறை. சாதாரணமாகக் குபோர் என்பார்கள், பெரியவர்களை அடக்கம் செய்த இடம் என்றால் மரியாதையாக மகாம். பாய் தன் குடும்பம் தங்கியிருக்கிற ஊரைச் சொல்லியிருக்கிறார். பிபிக் காதில் ஒரு குடும்பமே மண்ணுக்குள் போய்விட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

"ஏன் பாய், பிபிக்கிட்ட விஷயத்தைச் சொல்லக் கூடாதா? அவங்க உங்க வீட்டுல எழவுன்னு நினைச்சு அழறாங்க."

அவர் பலகாரத்தை விண்டு வாயில் போட்டுக்கொண்டார். "அழறவங்களத் தடுக்கலாமா தங்கச்சி? நல்ல மனசு. வெல்லம் கொஞ்சம் தூக்கலாப் போட்டிருக்காங்க."

குடும்பம் உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா என்பதை அப்போதும் அவர் சொல்லவில்லை என்று ராத்திரி படுத்த பிறகுதான் எனக்குத் தோன்றியது.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். லாரியை ராணுவம் எடுத்துக்கொண்ட பிறகு சும்மாதான் இருந்தார். திடகாத்திரமான உடம்பு, சும்மா இருக்கிற ஆம்பிளை, இதைவிட வேறென்ன வேண்டும்? எங்கள் தெருவில் ரெண்டு வீட்டில் ஆளைத் தூக்கியதும் நான் அவரை கிளேபாங் கடற்கரைக்கு அனுப்பிவிட்டேன். அங்கே தென்னந்தோப்புக்குள் கருவாடு காயப்போடுகிற ஒரு மலாய்க்காரர் இருந்தார். அவருடைய கீற்றுக் குடிசையில் ஒண்டிக்கொள்ள ஏற்பாடு. உப்பு, கிழங்கு, மாற்றுத்துணி கொடுத்தனுப்ப ஆள் வேண்டுமே. நான் போனால் பின்னாலேயே கண் வரும். பாய் அந்தப் பக்கம் வியாபாரத்துக்குப் போகிறவர். வேறு வழியில்லாமல் அவரிடம்தான் கொடுத்தேன். யாரை நம்பக் கூடாதென்று ஒவ்வொரு நாளும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேனோ, அவர் கையில் என் புருஷன் உயிரைக் கொடுத்து அனுப்பினேன். இடம் தெரிந்தவர்கள் நானும் அவரும் மட்டும்தான்.

கொஞ்ச காலம் கழிந்து அவர்கள் வந்தார்கள். ஒரு மலாய்ப் போலீஸ்காரரும் ஒரு ஜப்பான் சிப்பாயும். பட்டப்பகல். நான் முற்றத்தில் கிழங்கைத் துருவிக்கொண்டிருந்தேன். நேராக என்னிடம் வந்து, "லாக்கி லு மானா?" என்றார் போலீஸ்காரர். உன் புருஷன் எங்கே?

சொல்லி வைத்திருந்த பொய் ஒன்று இருந்தது, அது எங்கே போனதென்று தெரியவில்லை. அப்போது கொட்டகையிலிருந்து பாய் வந்தார். அன்றைக்கென்று ஏன் வியாபாரத்துக்குப் போகாமல் இருந்தார் என்பதும் எனக்கு ஒரு கேள்விதான். சொங்கோக்கைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். குனிந்து வணங்கினார். அமைதியாகச் சொன்னார்.

"சுடா மாசோக் மகாம், துவான்."

மகாமுக்குப் போய்விட்டார், ஐயா. என் காதில் அது வேறு மாதிரியாக விழவில்லை. வருஷக்கணக்கில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட மகாம்தானே. முகாமில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டார், அடுத்து எந்த முகாம் என்று கேட்பார்கள், கிளேபாங் என்பார். தீர்ந்தது. காட்டிக்கொடுத்துவிட்டான் பாவி என்று நான் தலையில் அடித்துக்கொண்டு கதறினேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் பிபிக்கும் கதறினார். "அலாமா! அலாமா!" என்று மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். நான் கதற, அவர் கதற, போலீஸ்காரர் ஓரடி பின்வாங்கினார். சிப்பாயிடம் கையால் மண்ணைத் தோண்டிக் காட்டி என்னவோ சொன்னார். போகும்போது என் பக்கம் திரும்பி நெஞ்சில் கை வைத்துவிட்டுப் போனார். அதைப் பார்த்த பிறகுதான் என் புருஷன் செத்துவிட்டார் என்பது எனக்குப் புரிந்தது.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் பாயைக் கேட்டேன்.

"நீங்க சொன்னது முகாமா, குழியா?"

"நான் எப்பவும் சொல்றதத்தான் சொன்னேன் தங்கச்சி."

"அதைத்தான் கேக்குறேன். எதை நினைச்சுச் சொன்னீங்க?"

அவர் கீழே சிந்திக் கிடந்த துருவலை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் தட்டில் போட்டார். "அரபியில 'காம'ன்னா நின்னான். மகாம்னா நின்ன இடம், அவ்வளவுதான். அது இந்துஸ்தானுக்குப் போச்சு, பட்டாளத்துக்காரன் கையில மாட்டிக் கூடாரம் அடிக்கிற இடமாச்சு. அவன் நம்ம பக்கம் வந்தான், நமக்கு முகாமாச்சு. இந்தப் பக்கம் கப்பலேறி வந்ததை மலாய்க்காரங்க கப்ருக்கு, அதான் கல்லறைக்கு, வெச்சுக்கிட்டாங்க. ஒருத்தன் நின்னுட்டுப் போற இடம், ஒருத்தன் நின்னே போற இடம். சொல்லு ஒண்ணுதான். கேக்குறவன் எதை எடுத்துக்கிறான்றது அவன் பாடு."

"தமிழ்ல வேற சொல்லே இல்லையா உங்களுக்கு?"

"இருக்கே. பாசறைன்னா சண்டைக்காரனுக்கு. பாளையம்னா ராஜாவுக்கு. மாட்டு மேல உப்பு மூட்டை ஏத்திட்டுப் போறவன் இறங்கினா அது தாவளம். அதுல ஒண்ணைச் சொல்லியிருந்தா இன்னேரம் தம்பி சயாம் ரயிலில இருந்திருப்பாரு."

இவ்வளவு தெரிந்தவர் தெரிந்துதான் சொல்லியிருப்பார் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அன்று சாயங்காலம் வரை அப்படித்தான் நினைத்தேன். பிறகு என் குணம் விடவில்லை. அவர்களை என் வாசலுக்கு அனுப்பியது யார்? அவரே முதலில் போய்ச் சொல்லிவிட்டு, நேரில் என் முகத்தைப் பார்த்ததும் மனசு மாறியிருக்கலாம். அவர்தான் சொன்னார் என்றால் நேராக கிளேபாங்குக்குத்தானே போயிருப்பார்கள் என்று எனக்கு நானே எதிர்வாதம் செய்தேன். பாதியைச் சொல்லி மீதியைக் கைக்குள் வைத்திருக்கலாமே என்றும் நானே பதில் சொன்னேன். இந்த வழக்கு என் தலைக்குள் இன்னும் நடக்கிறது, தீர்ப்பு வரவில்லை.

ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அவர் தன் வியாபாரத்தைப் பார்க்கப் போய்விட்டார், அதற்குள் குடியிருந்தது நான். புருஷன் செத்தவள் பொட்டோடு திரிய முடியுமா? தாலியைக் கழற்றி வெறும் அரிசி டின்னுக்குள் போட்டு மூடினேன். உயிரோடு இருக்கிறவருக்குத்தானே என்று எவ்வளவு சொல்லிக்கொண்டாலும் கழற்றியபோது வந்த அழுகை நடிப்பில்லை. அரிசிப் பங்கில் ஓர் ஆளைக் குறைத்தார்கள். தெருப் பெண்கள் எதிரே வந்தால் ஒதுங்கிப் போனார்கள். தனக்குக் கருமாதி நடந்ததைக் கேட்டு கிளேபாங்கில் என் வீட்டுக்காரர் குதித்தாராம். "நீங்க மவுத்தாயிட்டீங்க தம்பி, சத்தம் போடக் கூடாது" என்று பாய் அடக்கிவிட்டு வந்தாராம்.

பொங்கலுக்கு முதல் நாள் பிபிக் வீட்டில் செத்தவர்களுக்கு இலை போட்டுப் படைப்பார்கள். பார்ச்சு என்பார்கள். அந்த வருஷம் தன் முன்னோர்களின் இலைகளோடு என் வீட்டுக்காரருக்கும் ஓர் இலை போட்டார். பஞ்சத்திலும் ஒரு துண்டு மீன், தேங்காய்ப்பால் சோறு ஒரு பிடி, பலகாரம். படைத்து முடிந்ததும் அந்த இலையை மட்டும் அப்படியே மடித்துக் கட்டி, யாரும் கேட்காமலே பாய் கையில் கொடுத்தார். கொட்டகையில் இருக்கிற ஏழைக்குத் தருகிறார் என்றுதான் நினைத்தேன். பாய் அதைத் தொடாமல் கிளேபாங்குக்குக் கொண்டுபோனார். செத்தவர் தன் படையலைத் தானே சாப்பிட்டார். அதற்குப் பிறகு அவருக்குக் கோபம் தணிந்துவிட்டது.

ஜப்பான்காரன் சரணடைந்த சேதி வந்த மறுநாள் காலை பாய் வழக்கம்போல மூட்டை கட்டினார். ஆனால் கொட்டகையைப் பெருக்கினார். அவர் பெருக்கி நான் பார்த்ததில்லை.

"ரெண்டு நாள் முடிஞ்சிருச்சு தங்கச்சி."

"போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க பாய். அன்னிக்கு அவங்கள இங்க அனுப்பினது யாரு?"

"சொன்னா நம்புவீங்களா?"

"மாட்டேன்."

"அப்புறம் எதுக்குக் கேக்குறீங்க?" என்றார். கோபமில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிபிக் வேலிக்கு மேலாக ஒரு வாழையிலைப் பொட்டலத்தை நீட்டினார். வாங்கி மூட்டையில் செருகிக்கொண்டு உஜோங் பாசிர் போகிற பாதையில் நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மத்தியானமே ஆட்கள் வந்தார்கள். ஜப்பான்காரனை எதிர்த்துக் காட்டுக்குள் ஒளிந்திருந்து இறங்கியவர்கள். கையில் பாராங் கத்தி. ஜப்பானுக்கு ஆள் காட்டியவர்களை ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருந்தார்கள். "அந்தத் துணிக்காரன் எங்கே?" என்று மலாயில் கேட்டான் முன்னால் நின்றவன். "உன் வீட்டில்தானே இருந்தான்?"

கால்நடையாகப் போகிறவர் எவ்வளவு தூரம் போயிருப்பார்? பாதையைக் கைகாட்டினால் போதும். காதில் செருகிய சிகரெட் நினைவுக்கு வந்தது, மறந்துபோனதாகச் சொன்ன அந்த ஜப்பான் சொல் நினைவுக்கு வந்தது. டின்னுக்குள் கிடக்கிற தாலியும், கிளேபாங்கில் உயிரோடு இருக்கிற மனுஷரும் நினைவுக்கு வந்தார்கள். அந்த ஆள் குற்றவாளி என்றும் என்னால் சத்தியம் செய்ய முடியாது, நல்லவர் என்றும் முடியாது. வாய் தானாகத் திறந்தது.

"சுடா மாசோக் மகாம்," என்றேன்.

அவன் என் வெறும் நெற்றியைப் பார்த்தான். நம்பவில்லை. அப்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அந்த ஓலம் எழுந்தது. "அலாமா! காசியான்!" பிபிக் மார்பில் அடித்துக்கொண்டு, முடி அவிழ, தள்ளாடி வந்து என் தோளில் விழுந்தார். அந்த அழுகையைக் கேட்டால் யாருக்கும் கத்தி கீழே இறங்கும். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கேட் சாத்தப்பட்டதும் பிபிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். மழை வருகிற மாதிரி இருக்கிறதே, அதற்குள் அவர் ஏதாவது இடம் பார்த்து ஒதுங்கிவிடுவாரா என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் கிளேபாங்குக்குப் போன அந்த இலையின் கனம் புரிந்தது. இந்த அம்மாள் எப்போதிலிருந்து தெரிந்து அழுகிறார் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. உள்ளே போய் அரிசி டின்னைத் திறந்தேன்.

பாயை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. காட்டிக்கொடுத்தவரா, காப்பாற்றியவரா என்று என் வீட்டுக்காரர் சாகும் வரை நாங்கள் ரெண்டு கட்சியாகத்தான் இருந்தோம். இப்போது எனக்கே வயதாகிவிட்டது, பாய்க்கு என்ன வயது இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். நான் அன்று சொன்ன பொய் இதற்குள் நிஜமாகியிருக்கும்.